வாங்காத பொருளுக்குத் தவணை

எங்கள் ஆலைத் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் போனில் கூப்பிட்டாள். "அக்கா, சிக்கனத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. கடன அடைச்சு மேல வந்த ஆளு யாராவது இருந்தா அவங்க கதைய எழுதுங்க. இப்பம் உள்ள பயலுவ செல்போன்லயே கடன் வாங்குகானுவ. ஷிப்ட் மாறுகதுக்குள்ள பைசா வந்துருது. இத வாசிச்சாவது திருந்தட்டு" என்றாள். வைக்கும்போது, "நல்லபடியா முடியற மாதிரி எழுதுங்கக்கா" என்று சேர்த்துக்கொண்டாள்.

கடனை அடைத்து மேலே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதினால் அந்த மலரில் போட மாட்டார்கள். அதனால் ஒரு பக்கம் என்கிற அளவை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் நூற்பாலையின் சம்பளப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவள். முதல் வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வருகைப் பதிவைப் பார்த்துக் கூலி போடுவது, பிடித்தம் போடுவது, நோட்டை எண்ணிக் கவரில் வைப்பது, கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால் யாரும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அந்த ஒரு ரூபாயைத் தேடுவது. பிறகு அடுத்த அறையிலிருந்த சங்கத்துக்கு என்னை மாற்றினார்கள். அங்கே சிவதாணு சார் செயலாளர். அவருக்கு மேலே தலைவர் என்று ஒருவர் உண்டு. தலைவர் தொழிலாளர்கள் ஓட்டுப்போட்டு வருகிறவர், மாலை போட்டுக்கொள்கிறவர். வேலை பார்க்கிறவர் சிவதாணு சார்.

சார் சுசீந்திரத்துக்காரர். ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கடன் விண்ணப்பப் படிவங்களை மேஜைமேல் வைக்க மாட்டார். அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டிருப்பார். கடன் கேட்டு யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார்.

"எதுக்குவே?"

"வீட்டுச் செலவு சார்."

"வீட்டுல என்ன செலவு? சாதனத்துக்க பேரச் சொல்லும்."

வந்தவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு, ஃபிரிட்ஜ் என்பார்.

"அது இல்லாம நேத்து ஒறக்கம் வந்துதா?"

"வந்துது சார்."

"சரி. கேண்டீன்ல போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரும். வந்து கேட்டீருன்னா ஃபாரம் தாறேன்."

சொன்னபடியே தருவார். திரும்பி வந்தவர் யாருக்கும் ஃபாரம் இல்லை என்று அவர் சொன்னதில்லை. ஆனால் டீ குடிக்கப் போனவர்களில் பலபேர் திரும்பி வருவதில்லை. நேராகத் தங்கள் மெஷினுக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்பு என்று வந்தவர்களிடம் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சாவி அலமாரியில் இருக்கும்.

"ஒருத்தனையும் வேண்டாம்னு தடுக்கப்பிடாது வசந்தா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "தடுத்தா வீம்புக்குன்னே வாங்குவான். தோணுகதுக்கும் கையெழுத்து இடுகதுக்கும் நடுவுல அவனுக்குக் கொஞ்சம் எடம் குடுக்கணும். அவ்வளவுதான் நம்ம சோலி."

சங்கத்தின் விதிகள் எளிமையானவை. கடன் வாங்குகிறவருக்கு இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். தவணை சம்பளத்திலேயே பிடித்தமாகும். எல்லாப் பிடித்தமும் போக, சம்பளத்தில் கால்பங்காவது கைக்குப் போக வேண்டும். அதற்குக் குறைந்தால் கடன் கிடையாது. வாங்கியவர் கட்டாமல் நின்றுவிட்டால், ஜாமீன் நின்றவர்களின் சம்பளத்தில் பிடிக்கலாம். இந்தக் கடைசி விதியை எல்லோரும் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

அருளப்பன் ஆலையில் ஃபிட்டர். முட்டத்துக்காரர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்து ஆலைக்கு வந்தார். நல்ல கைவேலைக்காரர். இவர் காது கொடுத்துக் கேட்டால் மெஷின் எங்கே நோவுகிறதென்று தெரிந்துவிடும் என்பார்கள். முதலில் இவர் பெயர் எங்கள் சங்கத்தில் கடன் கணக்கிலேயே கிடையாது. சேமிப்புக் கணக்கில்தான் இருந்தது.

சுனாமியில் அவருடைய அண்ணன் போனார். குளச்சல் பக்கம் பெண் கட்டி அங்கேயே குடியிருந்தவர். துக்கம் முடிந்து வேலைக்கு வந்த அருளப்பனிடம் நானும் சாரும் விசாரிக்கப் போனோம். கேண்டீனில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்க அண்ணன் ஒரு நல்ல சட்ட எடுத்து இட்டதில்ல சார்" என்றார். "ஒரு ஓட்டல்ல கேறிச் சாப்பிட்டதில்ல. சேத்தான், சேத்தான். எல்லாம் பெட்டியில இருந்துது. தண்ணி பெட்டியையும் கொண்டுபோச்சு, ஆளையும் கொண்டுபோச்சு. இனி எனக்கு ஒண்ணு தோணிச்சுன்னா அன்னைக்கே வாங்கிருவேன்."

சார் அவர் தோளில் கையை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அருளப்பன் சொன்னபடி செய்தார். சம்பள நாளில் அவரும், அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த வில்சனும் சேர்ந்து மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறுவார்கள். வில்சனுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். எந்தக் கடையில் தவணைக்குத் தருவார்கள், யாரிடம் அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அருளப்பன் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தது. உடற்பயிற்சி சைக்கிள் வந்தது, அதில் ஈரத்துணி காய்ந்தது. மகள் ஜெனிக்குப் பாட்டுப் படிக்காமலேயே கீபோர்டு வந்தது. ஒரு செல்போன் இருக்கும்போதே இன்னொன்று வந்தது. தனக்கு மட்டும் என்றில்லை. எங்கள் அறைக்கே ஒரு சுவர்க்கடிகாரத்தை வாங்கி வந்து நீட்டினார். சார் அதைத் தொடவில்லை. "வீட்டுக்குக் கொண்டு போவும்வே" என்று அனுப்பிவிட்டார். அருளப்பன் முகம் சுருங்கியது. கொடுக்கும் சந்தோஷத்தைப் பிடுங்கியதுபோல இருந்தது. நாங்கள் வாங்கி வைத்திருக்கலாமோ என்று அன்று தோன்றியது. கெட்ட மனிதர் இல்லை அவர். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இடையில் சம்பளக் கவர் நின்று ஏ.டி.எம். கார்டு வந்தது. கவர் இருந்தபோது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஜன்னலில் நின்றே எண்ணிப் பார்ப்பார்கள். கார்டு வந்தபிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அருளப்பன் எங்களிடம் வாங்கினார், கடைகளில் வாங்கினார், வெளியே வட்டிக்காரரிடமும் வாங்கினார். டீ குடிக்கப் போனால் தவறாமல் திரும்பி வருகிற ஆட்களில் ஒருவரானார்.

அந்தச் சமயத்தில்தான் வில்சன் பெரிய கடன் ஒன்று கேட்டான். வீடு கட்ட என்று எழுதியிருந்தான். ஏழு வருஷத் தவணை. அவன் சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்தம் நிறைந்திருந்தது. கால்பங்கு கைக்குப் போகாது. சார் விண்ணப்பத்தின் ஓரத்தில் "தகுதி இல்லை" என்று எழுதி, காரணத்தையும் எழுதி, கமிட்டிக்கு அனுப்பினார். அது சங்கத் தேர்தல் வருஷம். மேற்கே, மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிற தொழிலாளர் ஓட்டெல்லாம் வில்சன் கையில் இருந்தது. சாரின் குறிப்புக்குக் கீழே, "சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர், ஓய்வுபெறப் போகிற ஒரு வயதான மேஸ்திரி. இன்னொருவர் அருளப்பன். ஜாமீன்தாரர் எங்கள் அறைக்கு வர வேண்டும் என்று அப்போது விதி இல்லை. படிவத்தை எங்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினாலும் சரி. கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த அருளப்பன், வில்சனைக் குனியச் சொல்லி, அவன் முதுகில் காகிதத்தை வைத்துப் போட்டுக் கொடுத்ததைப் பத்துப்பேர் பார்த்தார்கள்.

"கையெழுத்துக்கு என்ன மக்கா, பைசாவா குடுக்கோம்!" என்று சிரித்தாராம்.

அடுத்த மழைக்காலத்தில் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முன்பணம் கட்டச் சொன்னார்கள். கார்டில் ஒன்றுமில்லை. அருளப்பனின் மனைவி சகாயமேரி காதில் கிடந்ததைக் கழற்றினாள், போதவில்லை. அருளப்பன் ஹோம் தியேட்டரை அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றி, வாங்கின கடைக்கே கொண்டுபோனார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கால்வாசி விலை சொன்னாராம்.

"அண்ணாச்சி, இதுக்குத் தவணையே இன்னும் முடியலியே."

"தவணை வேற, இது வேறல்லா. பெட்டியப் பிரிச்சாச்சு. பிரிச்சா பழசுதான்."

அந்தக் காசை வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெனி பிழைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வந்த மறுநாள், அருளப்பன் சகாயமேரியையும் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். சார் வழக்கம்போல உட்காரச் சொன்னார்.

"எதுக்குவே?"

"எனக்கு இனி லோன் தரப்பிடாது சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் வந்து கேட்டாலும் தரப்பிடாது. காலப் பிடிச்சாலும் தரப்பிடாது. எழுதித் தாறேன், வச்சுக்கிடுங்க."

"இந்த மாதிரி மனு இந்தச் சங்கத்துல ஒருத்தரும் தந்ததில்ல வே."

"நான் தாறேன் சார்."

சார் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். அருளப்பன் ஒவ்வொன்றாகச் சொன்னார். சில பெயர்களைச் சகாயமேரியே அன்றுதான் முதலில் கேட்டாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல வாசல்ல வந்து நிக்கவனுக்குக் குடும்" என்றார் சார். "வட்டி கூடவோ கொறயவோ, அது பொறவு. வீட்டுக்காரி தெருவுல தல நிமிந்து நடக்கட்டு. அவளுக்கு உம்ம மேல நம்பிக்கை வந்தாத்தான் மிச்சம் நடக்கும். அது முடிஞ்ச பொறவு வட்டி கூடினத அடையும். சங்கத்துக் கடன் கடைசி. எங்களுக்கு அவசரம் இல்ல."

ஏ.டி.எம். கார்டு சகாயமேரி கைக்குப் போனது. அருளப்பனுக்கு பஸ் காசும் டீக் காசும் மட்டும். மார்த்தாண்டம் போவதை நிறுத்தினார். ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றினால் அதன் பெயரைச் சகாயமேரியிடம் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதும் அது வேண்டும் என்று இருந்தால் பேசிக்கொள்ளலாம். இது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. "கோயில்ல முட்டுகுத்தி நிக்கும்போ செல்போன நினைச்சு நாணமா இருக்கு அக்கா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். உடற்பயிற்சி சைக்கிளையும் கீபோர்டையும் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். விடுமுறை நாட்களில் வெளியே மோட்டார் வேலைக்குப் போனார். இரண்டு தடவை சங்கத்தின் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிடவில்லை. தானாகவே திரும்பிப் போனார்.

இன்னொன்றும் செய்தார். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வில்சனுக்குப் போட்ட ஜாமீனிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி சாரிடம் கேட்டார். வேறொருவரை வில்சன் கொண்டுவந்து நிறுத்தினால் மாற்றிக்கொள்ளலாம் என்றார் சார். அருளப்பன் போய் வில்சனிடம் கேட்டார். நான் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"என்ன மக்கா, என்ன நம்பலியா?" என்றான் வில்சன். "மாசாமாசம் எனக்க சம்பளத்துல பிடிக்கான்லா? உனக்க ஒரு பைசா போச்சா?"

"போவல. இருந்தாலும்…"

"உனக்க அண்ணன் செத்தப்பம் தோளுக்குத் தோளா நின்னது யாரு?"

அருளப்பன் எழுந்துவிட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் எங்கள் சங்கக் கடனையும் முடித்தார். முடித்த அன்று ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்தார். சார் எதையும் வாங்க மாட்டார் என்பது தெரிந்து, "வாங்கினது இல்ல சார், வீட்டுல குலச்சது" என்றார். சார் ஒன்றை உரித்து அங்கேயே தின்றார். ஜெனி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. முதல் வருஷக் கட்டணத்துக்குச் சகாயமேரி சீட்டுப் போட்டிருந்தாள். மலருக்குக் கதை கேட்ட பெண் எதிர்பார்க்கிற முடிவு இதுதான். இங்கேயே நிறுத்தினால் போட்டோவோடு போடுவார்கள்.

அந்த வருஷம் வில்சன் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வளைகுடாவுக்குப் போனான். வீட்டுக்கென்று வாங்கிய கடன் விசாவுக்குப் போனது பிறகுதான் தெரிந்தது. சம்பளம் இல்லையென்றால் பிடித்தமும் இல்லை. முதல் சில மாதங்கள் அவன் மனைவி வந்து கட்டினாள். பிறகு வரவில்லை. நோட்டீஸ் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. பிறகு அவனுடைய ராஜினாமா தபாலில் வந்தது. சங்கத்தில் கிடந்த அவன் பங்குத் தொகையைக் கழித்தோம். மீதி நின்றது ஒன்றே முக்கால் லட்சம்.

கமிட்டி கூடியது. குறிப்பெழுத நான் உட்கார்ந்திருந்தேன்.

"வில்சன் மேல வழக்குப் போடணும்" என்றார் சார். "மார்த்தாண்டத்துல அவனுக்கு மனை இருக்கு. அதத் தொடணும்."

"அது வருஷக்கணக்கா இழுக்கும்" என்றார் தலைவர். "ஜாமீன் எதுக்கு வாங்குகோம்? விதியில உள்ளதச் செய்வோம்."

"கடன் குடுக்கும்போ விதி எங்க போச்சு? நான் எழுதினது அதுலேயே இருக்கு. வாசிக்கட்டுமா?"

"பழச எடுக்காதிங்க சார். உறுப்பினர் பணம்லா, நாம பாதுகாக்காண்டாமா?"

வயதான மேஸ்திரி அதற்குமுன்பே ஓய்வுபெற்று, கணக்கு முடித்துப் போயிருந்தார். அவருக்குப் பிடிக்கச் சம்பளம் இல்லை. முழுத்தொகையும் ஒரே ஆள் மேல் விழுந்தது. மற்ற உறுப்பினர்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கை தூக்கினார்கள். சார் தூக்கவில்லை. அவருக்கு ஓட்டு இல்லை. அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர்.

மறுநாள் அருளப்பனைக் கூப்பிட்டனுப்பினோம். சார் உட்காரச் சொன்னார். எதுக்குவே என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு டீ வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்றார். டீ வந்தது. அருளப்பன் குடித்து முடிக்கும்வரை சார் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

அருளப்பனுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் வாங்கலியே சார்" என்றார்.

"இல்ல வே. நீரு வாங்கல."

"நான் மூணு வருஷமா ஒண்ணுமே வாங்கலியே."

சார் தலையை ஆட்டினார். அவர் கை மேஜைமேல் கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில், அவர் கை சும்மா ஒரு பொருளைத் தொட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அருளப்பன் சத்தம் போட்டிருக்கலாம். தலைவர் அறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவரோ எழுந்து, டீ கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கேண்டீனில் வைத்துவிட்டு, வேலைக்குப் போனார். அந்த மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராகப் பிடித்தத்தை எழுதியது என் கை. விடுதலையாகி வெளியே வந்தவனைப் பிடித்து, வேறொருவன் தண்டனைக்கு உள்ளே அனுப்புவதுபோல இருந்தது.

ஜெனி அந்த வருஷம் நர்சிங்கில் சேரவில்லை. ஒரு வருஷம் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் நின்றாள். அடுத்த வருஷம் கட்டணம் குறைந்த லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தாள். மோசமில்லாத படிப்புதான். ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

சார் ஒரு காரியம் செய்தார். இனி ஜாமீன்தாரரும் நேரில் அறைக்கு வந்து, விதியைச் சத்தமாக வாசித்து, டீ குடித்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு கொண்டுவந்தார். பலபேர் ஜாமீன் நிற்காமல் தப்பினார்கள். அவர் ஓய்வுபெற்ற மாதமே, வேலை நேரம் வீணாகிறது என்று சொல்லித் தலைவர் அதை எடுத்துவிட்டார். படிவங்கள் மேஜைமேல் வந்து அமர்ந்தன.

பிறகு வில்சன் வீடு கட்டினான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், மாடி வீடு. வீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, ஆலையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. அருளப்பனுக்கும் வந்தது! நான் போவதாக இல்லை. சகாயமேரி தேடிவந்து, "அக்கா, எனக்குத் தொணைக்கு வாங்க. எங்க வீட்டு அவியளுக்குத் தெரியாது" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

பந்தல், நாற்காலிகள், பிரியாணி வாசனை. வாசலில் வில்சன் கோட்டுப் போட்டு நின்றான். பக்கத்தில் எங்கள் தலைவர், வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சுருள் எழுதுகிற மேஜை. எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் வைக்கிற மொய்ப்பணத்துக்குச் சுருள் என்று பெயர். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைப்பார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் திருப்பி வைக்க வேண்டும். எழுதிய சுருளைத் திருப்பாதவர்களை ஊர் மதிக்காது.

சகாயமேரி நேராக அந்த மேஜைக்குப் போனாள்.

"எழுதுங்க. முட்டம், அருளப்பன்."

எழுதுகிறவர் எழுதிவிட்டுக் கவருக்குக் கை நீட்டினார்.

"கவர் இல்ல. சுருளு முன்கூட்டியே வச்சாச்சு. இதுவரைக்கும் தொண்ணூறாயிரம். மிச்சம் மாசாமாசம் வந்துட்டிருக்கு. முழுசும் ஒண்ணே முக்கால் லட்சம். அப்படியே எழுதுங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். தலைவர் யாரையோ கவனிக்கிற பாவனையில் பந்தலின் அந்தப் பக்கம் போய்விட்டார். வில்சன் வந்தான். ஒரு நொடி அவன் முகத்தில் ஏதோ ஓடியது. உடனே சிரித்துவிட்டான்.

"அக்கா, நீங்க வந்ததே சந்தோசம். முதல்ல சாப்பிடுங்க."

"எழுதச் சொல்லு வில்சன்."

"எழுதுடே, எழுது" என்றான் எழுதுகிறவரிடம். "அக்காக்க மனசு குளிரட்டு."

நாலுபேர் சிரித்தார்கள். அவர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டும்வரை சகாயமேரி நகரவில்லை. பிறகு சாப்பிடாமல் வெளியே வந்தாள். பஸ்ஸில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பத்துப்பேரு முன்னால எழுத வச்சாச்சுல்லா அக்கா. இனி ஜெனிக்க கல்யாணத்துக்கு வைக்காம இருக்க முடியுமா?" என்றாள்.

விஷயம் ஆலைக்கு வந்து, அருளப்பன் காதுக்குப் போனது. அவர் அவளிடம் பல நாள் பேசவில்லை என்று கேள்வி. என்னிடம் மட்டும், "ஏன்க்கா அவளக் கூட்டிட்டுப் போனீங்க? ஒருத்தன் வீட்டு நல்ல காரியத்துல போயி நின்னு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அவருக்கு என் மேல் கோபமா, தன் மேல் கோபமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கடைசித் தவணை முடிந்த மாதம் அவர் மட்டிப்பழம் எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் அறைக்கே வரவில்லை. நான்தான் பே ஸ்லிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் நானும் ஓய்வுபெற்றேன்.

ஜெனியின் கல்யாணம் முட்டத்திலேயே, கோயிலில் நடந்தது; விருந்து பக்கத்து மண்டபத்தில். நான் பெண் வீட்டு ஆளாக முதல் நாளே போயிருந்தேன். வில்சன் மனைவியோடு காரில் வந்தான். மேடையில் ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டான், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினான், கவரைக் கொடுத்தான், அருளப்பனைக் கட்டிப்பிடித்து, "மக்கா, எப்படி இருக்க?" என்றான். நன்றாக இருப்பதாக அருளப்பன் சொன்னார்.

பந்தி முடிந்து, மத்தியானத்துக்குமேல், மண்டபத்தின் பின்னறையில் கவர்களைப் பிரித்தோம். அருளப்பன் பிரித்துச் சொல்ல, சகாயமேரி எழுதினாள். நான் நோட்டுகளை அடுக்கினேன். வில்சனின் கவரை அவள் ஏற்கெனவே தேடியெடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். கடைசியாக அதைப் புருஷனிடம் நீட்டினாள். தடித்த, பளபளப்பான கவர்.

அருளப்பன் அதைக் கிழிக்காமல், ஒட்டை நகத்தால் மெல்ல நீக்கித் திறந்தார். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டும், ஒரு ரூபாய் நாணயமும் இருந்தன. கவரைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள் சகாயமேரி. வேறொன்றும் விழவில்லை.

"எழுது பிள்ள" என்றார் அருளப்பன். "வில்சன், ஆயிரத்தொண்ணு. அவனுக்க மவளுக்குக் கல்யாணம் வரும்போ நாம திருப்பி வைக்கணும்லா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவரே எடுத்து எழுதினார்.